10,000 திறந்தார்கள், 6,000தான் வந்தது: மீதி எங்கே?

கேள்வி: கர்நாடகத்தில் காவிரியில் 10,000 கனஅடி திறந்ததாகச் செய்தியில் சொல்கிறார்கள். அதே நாள் தமிழக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் 6,000 என்கிறார்கள். மீதியை வழியில் எடுத்துக்கொள்கிறார்களா? நாங்களே சரிபார்க்க முடியுமா? (ஒரு டெல்டா விவசாயி)

பதில்: முடியும். ஆனால் ஒரே நாள் எண்களை வைத்துக் கழிக்காதீர்கள். கிருஷ்ணராஜ சாகர் அணையில் திறந்த தண்ணீர் பிலிகுண்டுலுவைத் தொட ஏறக்குறைய 3 நாள் ஆகும். வியாழக்கிழமை அங்கே ஓடுவது திங்கட்கிழமை திறந்தது. ஆறு காய்ந்து கிடந்தால் மணலும் பள்ளங்களும் முதலில் குடித்து முடிக்க வேண்டும். தொடக்க நாட்களில் கணக்கு உதைக்கத்தான் செய்யும். நடுவில் சேரும் சிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் பக்கம் நல்ல மழை பெய்தால் திறந்ததைவிட அதிகமாகவே வந்து சேரும். அப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை!

சரி, எதைப் பார்ப்பது? 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு ஒதுக்கிய 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கனஅடி), பிலிகுண்டுலுவில் வந்து சேர வேண்டிய அளவு. மேலே எவ்வளவு திறந்தார்கள் என்பது அப்புறம்தான். பிலிகுண்டுலுவில் அளப்பது மத்திய நீர் ஆணையம். அந்த எண்ணைத் தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். செய்தியில் வரும் கனஅடி ஒரு நொடிக்கானது. 86,400-ஆல் பெருக்கினால் ஒரு நாள் வரத்து. 6,000 கனஅடி நாள் முழுக்க ஓடினால் 0.52 டிஎம்சி. ஆகஸ்டுக்கு நமக்கு வர வேண்டியது 45.95 டிஎம்சி, அதாவது சராசரியாக 17,150 கனஅடி ஓட வேண்டும்.

குறைந்ததும் ‘திருட்டு’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒதுக்கீடு, காவிரிப் படுகை முழுக்க 740 டிஎம்சி கிடைக்கும் சாதாரண ஆண்டுக்கானது. மழை பொய்த்தால் பற்றாக்குறையையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஹாரங்கி, ஹேமாவதி, கிருஷ்ணராஜ சாகர், கபினி ஆகிய நான்கு கர்நாடக அணைகளுக்கும் ஜூன் முதல் வந்த நீரைப் பாருங்கள். அங்கே வரத்து வழக்கத்தைவிட 30 சதவீதம் குறைந்து, நமக்கு 60 சதவீதம் குறைந்திருந்தால் கேட்க விஷயம் இருக்கிறது.

ஆற்றோர மோட்டார்களும் ஆழ்துளைக் கிணறுகளும் இழுப்பது இந்த நோட்டில் பிடிபடாது. அதற்கு பிப்ரவரி முதல் மே வரையிலான ஓட்டத்தை, மழையும் அணைத் திறப்பும் ஒத்திருந்த பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டும். மாதம் 2.5 டிஎம்சிதானே என்று இந்த மாதங்களை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆற்றில் ஓட்டம் மெலிந்திருக்கும்போதுதான் உறிஞ்சுவது வெளியே தெரியும். பழைய அளவுகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்திய நீர் ஆணையத்திடம் கேளுங்கள். மனுவில் ‘தேதிவாரியாக’ என்று மறக்காமல் எழுதுங்கள்; மாதச் சராசரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.