'சிறப்பாக'வுக்கு அடுத்து 'க்' வருமா, வராதா?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். திருவிழா நோட்டீஸ், காதுகுத்துப் பத்திரிகை, ஃபிளெக்ஸ் எல்லாம் அடிக்கிறோம். 'சிறப்பாக கொண்டாட' என்று அடித்தால் ஒருவர் 'க்' எங்கே என்கிறார். போட்டு அடித்தால் இன்னொருவர் எதற்கு இது என்கிறார். ஓலைச்சுவடியில் புள்ளியே கிடையாது என்று வாதம் வேறு. 'ஆக' என்று முடியும் சொல் வந்தாலே கை நின்றுவிடுகிறது. எங்கே போட வேண்டும், எங்கே கூடாது?

பதில்: 'சிறப்பாகக் கொண்டாட' என்பதுதான் சரி. விதிக்குப் போகும் முன்னால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் கடைக்கு வழி கேட்டு யாராவது போன் செய்தால் என்ன சொல்வீர்கள்? 'பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நேராப் போயி, தேரடிகிட்ட திரும்புங்க' என்பீர்கள். அந்த 'நேராப் போயி'யை வாய்விட்டுச் சொல்லுங்கள். உதடு இரண்டும் ஒரு கணம் அழுந்தி மூடி, பிறகு திறக்கும். அந்த அழுத்தம்தான் 'ப்'. இப்போது 'நேரான பாதை' என்று சொல்லுங்கள். உதடு லேசாகத் தொட்டு விலகிவிடும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி வரப்பில் நின்று 'சத்தமாக் கூப்புடு' என்னும்போதும் அந்த 'க்' தவறாமல் விழுகிறது. வாய்க்குத் தெரிந்தது கீபோர்டுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி விதி. ஒரு வேலை எப்படி நடந்தது என்று சொல்லும் சொல் வினையடை. வேகம், தாராளம், நன்று போன்ற சொற்களோடு 'ஆக' அல்லது 'ஆய்' சேர்ந்து வினையடை ஆகும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அதன் மெய்யெழுத்து நடுவில் வரும்: வேகமாகச் சென்றான், தாராளமாகத் தந்தார், நன்றாய்ப் பாடினாள். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலே, உயிரெழுத்தில் முடியும் சொல்லுக்குப் பின் இந்த நான்கும் மிகும் என்பதைப் பொதுவிதியாக வைத்துவிட்டு, மிகாத இடங்களைத்தான் விலக்காகச் சொல்கிறது.

ஆனால் 'சிறப்பாகக்' என்பதை ஒரு முழுச்சொல்லாக நினைத்துவிடாதீர்கள். அந்த 'க்' அடுத்து வரும் 'கொண்டாட' கொண்டுவந்தது. கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் நான் மெய்ப்புப் பார்த்த காலத்தில், போன வருஷத்து நோட்டீஸ் ஃபைலைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி ஓட்டுவது வழக்கம். ஒருமுறை 'சிறப்பாகக் கொண்டாடப்படும்' என்று இருந்ததை 'நடைபெறும்' என்று மாற்றச் சொன்னார்கள். 'கொண்டாடப்படும்' போனது, 'க்' அங்கேயே நின்றுவிட்டது. 'சிறப்பாகக் நடைபெறும்' என்று ஆயிரம் நோட்டீஸ் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. நானும் பார்க்கத் தவறியிருந்தேன். இன்றுவரை அது மனதை அறுக்கிறது. அதற்குப் பிறகு, ஒரு வினைச்சொல்லை மாற்றினால் அதற்கு முந்திய சொல்லின் கடைசி எழுத்தைப் பார்க்காமல் நான் ஃபைலை மூடியதில்லை. பழைய ஃபைலை வைத்து வேலை செய்யும் உங்களுக்கும் இந்தப் பழக்கம் விதியைவிட அதிகமாக உதவும். ந, ம, வ, உயிரெழுத்து என்று எது வந்தாலும் நடுவில் ஒன்றும் வேண்டாம்: சிறப்பாக நடைபெறும், சிறப்பாக வரவேற்றார்கள்.

ஃபிளெக்ஸில் வேறொரு சிக்கல். மேல் வரி 'சிறப்பாகக்' என்று முடிந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று 'க்'கை எடுத்துவிடுகிறார்கள், அல்லது கீழ்வரியின் தலையில் வைக்கிறார்கள். இரண்டும் தவறு. எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்து இரண்டு சொல்லையும் ஒரே வரிக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் காற்புள்ளி வந்தால் ஒற்று தேவையில்லை: முதலாவதாக, கொடியேற்றம்.

ஒற்றுப் போடப் பழகியவர்கள் அடுத்துச் செய்யும் தவறு, 'சிறப்பானக் கச்சேரி' என்று எழுதுவது. 'ஆன' பெயரைத் தழுவும் சொல், அதற்குப் பின் மிகாது. சிறப்பான கச்சேரி, சிறப்பாகப் பாடினார். அதேபோல 'மிகப் பெரிய' என்பதில் உண்டு, 'மிகவும் பெரிய' என்பதில் இல்லை. 'தவறாமல் கலந்துகொள்ள', 'இனிதே தொடங்கும்', 'நன்கு படித்தார்' இவற்றிலும் இல்லை. 'மெல்ல', 'இன்றி' இரண்டுக்கும் உண்டு. மேட்டூர் திறக்கும் சமயத்தில் வைக்கும் போர்டில் 'கடைமடை வரை தட்டுப்பாடின்றித் தண்ணீர்' என்று அந்தத் 'த்' இருக்க வேண்டும்.

'ஆக' சேரும் இடத்திலும் ஓர் எழுத்து அடிக்கடி விட்டுப்போகிறது. ஒரே குறில், அடுத்து மெய் என்று அமைந்த சின்னச் சொல்லில் அந்த மெய் இரட்டிக்கும்: நெல் நெல்லாகும், மண் மண்ணாகும், பொன் பொன்னாகும். 'அந்தக் காலத்தில் கூலியை நெல்லாகக் கொடுத்தார்கள்' என்ற வரியில் 'நெல்லாகக்' என்ற இடத்தில் மட்டும் இரண்டு இரட்டிப்பு இருக்கிறது: 'ல்' ஒன்று, 'க்' ஒன்று. வயல் நீளமான சொல், வயலாக என்றே நிற்கும். அழகாக, பொதுவாக, உறுதியாக போன்றவற்றில் யாரும் தவறுவதில்லை. ஆனால் 'தூய்மையாக்குவோம்' என்பதையும் 'தூய்மையாகக் காப்போம்' என்பதையும் கலந்து 'தூய்மையாக்க் காப்போம்' என்று அடித்துவிடுகிறார்கள். முதலாவது அழுக்கை நீக்கச் சொல்வது, இரண்டாவது தூய்மை கெடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது.

சரி, ஓலைச்சுவடிக்கு வருவோம். தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் இருப்பது போன்ற பழைய சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்பது உண்மை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். ஆனால் விட்டது புள்ளியை மட்டும்தான், எழுத்தை அல்ல. 'சிறபபாகககொணடாட' என்று இடைவெளிகூட இல்லாமல் எழுதியிருப்பார்கள். அதில் எந்தக் 'க'வுக்குப் புள்ளி என்று படிப்பவர் தானே பிரித்துக்கொண்டார். வாடிக்கையாளரிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

நான்கு எழுத்தும் வரும்படி ஒரு வரி தருகிறேன். கடையில் கம்ப்யூட்டருக்கு மேலே ஒட்டிவையுங்கள்: 'விழாவை வெகு விமரிசையாகக் கொண்டாட இருப்பதால், பக்தர்கள் வரிசையாகச் சென்று அமைதியாகத் தரிசித்து, பொறுமையாகப் பிரசாதம் பெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'