விற்றால்தான் காசா?

அன்புள்ள அக்கா,

திருச்சியில் சின்னதாக ஒரு பொட்டிக் திறக்கப்போகிறேன். நான் தைப்பவற்றோடு, வீட்டிலிருந்தே டிசைன் செய்யும் ஐந்து பெண்களின் உடைகளையும் வைக்க ஆசை. "எல்லாரும் இன்ஸ்டாகிராமில் விற்கிறார்கள், கடை எதற்கு?" என்கிறார் கணவர். ஒரு கடையால் அவர்களுக்கு என்னதான் செய்ய முடியும்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

கடையைத் திறங்கள். நிறையச் செய்ய முடியும்.

லண்டன் சவுத் மோல்டன் தெருவில் ப்ரவுன்ஸ் என்றொரு துணிக்கடை இருந்தது. ஜோன் பர்ஸ்டைனும் கணவரும் 1970இல் தொடங்கியது. 1984இல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் படித்து முடித்த ஜான் கலியானோ, இறுதியாண்டுக்காகத் தைத்த உடைகள் அத்தனையையும் பர்ஸ்டைன் வாங்கிக் கடையின் முன்கண்ணாடியில் வைத்தார். கலியானோ பிற்பாடு பாரிஸின் பெரிய ஃபேஷன் நிறுவனமான தியோர் வரை போனார். நான் சொல்ல வந்தது அதை அல்ல. அந்த அம்மா காசு கொடுத்து வாங்கினார், அதுதான் விஷயம்.

இங்கே பெரும்பாலும் 'விற்றால் காசு, விற்காவிட்டால் துணியை எடுத்துக்கோ' என்பதுதான் ஏற்பாடு. என் தோழி சுங்குடியில் பதினெட்டு குர்த்தா தைத்து ஒரு கடையில் கொடுத்தாள். ஏழு மாதம் கழித்து ஒன்பது திரும்பி வந்தன. கண்ணாடி ஓரம் தொங்கியதால் சிலவற்றில் ஒரு பக்கத் தோள் மட்டும் வெயிலில் வெளிறியிருந்தது. மடியில் போட்டு அந்தத் தோளையே தடவிக்கொண்டிருந்தாள். விற்ற ஒன்பதுக்குப் பணம் வர மேலும் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அடுத்த துணி எடுக்கக் கையில் காசில்லாமல், தையலையே நிறுத்திவிட்டாள். போதாததற்கு, உடையில் இருந்த சீட்டில் கடையின் பெயர்தான் இருந்தது. அவள் பெயர் எங்கேயும் இல்லை.

பெயர் சின்ன விஷயமில்லை. மும்பையில் தருண் தஹிலியானியும் மனைவி சைலஜாவும் 1987இல் தொடங்கிய ஆன்சாம்பிள் கடையில் ரோஹித் கோஸ்லா, அபு ஜானி–சந்தீப் கோஸ்லா போன்ற வடிவமைப்பாளர்களின் உடைகள் அவரவர் பெயரிலேயே தொங்கின. டெல்லியில் நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்லூரி தொடங்கி அப்போது ஒரு வருடம்தான். இந்தியாவின் முதல் ஃபேஷன் வீக் 2000இல்தான் வந்தது. கடைக்காரராக இருந்த தஹிலியானி வடிவமைப்பாளர் ஆனதே அந்தக் கடையைத் தொடங்கிய அப்புறம்தான்.

இன்ஸ்டாகிராம் தராத ஒன்று உங்களிடம் இருக்கும்: ட்ரையல் ரூம். ஒரு பெண் போட்டுப் பார்த்து, கையைத் தூக்கி, "அக்குள்ல பிடிக்குதுக்கா" என்பாள். ஆன்லைனில் அதே உடை 'சைஸ் சரியில்லை' என்று திரும்பி வரும், அவ்வளவுதான். எந்த அளவு, எங்கே பிடித்தது, எந்த நிறத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மாதம் ஒரு நாள் கடையை மூடியபிறகு ஐவரையும் கூப்பிட்டு, டீயோடு அந்த நோட்டைப் படித்துக் காட்டுங்கள். ஒருத்திக்குத் தெரிந்த நல்ல கட்டிங் மாஸ்டர் மற்ற நால்வருக்கும் கிடைப்பது இப்படி உட்காரும்போதுதான்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க உங்களால் முடியாது, சரி. முதல் மாதம் ஆளுக்கு இரண்டு உடையாவது வாங்கிவிடுங்கள். மீதியை விற்றால் காசு என்றே வையுங்கள். ஆனால் பணம் தரும் தேதியை எழுதிக் கொடுங்கள்.

திறப்பு விழா எப்போது என்று எழுதுங்கள். என் தோழியையும் கூட்டி வருகிறேன், அந்த ஒன்பது குர்த்தாவில் வெளிறாத நாலு இன்னும் அவளிடம் இருக்கின்றன.