கேட்டால் சொல்கிறோம்: விம் எடிட்டர்

கேள்வி: விம்மில் அரைப் பக்கம் தட்டிவிட்டு, ஒரே ஒரு சொல்லைத் திரும்பப்பெற எஸ்கேப் அடித்து 'யு' தட்டினால் அரைப் பக்கமும் போய்விடுகிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் கன்ட்ரோல்+ஆர் அடியுங்கள், போனது திரும்பிவிடும். 'ஐ' தட்டி இன்சர்ட் மோடில் (தட்டுவது எழுத்தாக விழும் நிலை) நுழைந்ததிலிருந்து எஸ்கேப் அடிக்கும்வரை நீங்கள் எழுதியதெல்லாம் விம்முக்கு ஒரே மாற்றம். 'யு' செய்யும் அன்டூ, அதாவது மாற்றத்தைத் திரும்பப்பெறுவது, அதை மொத்தமாகத்தான் எடுக்கும். இன்சர்ட் மோடிலேயே குடியிருக்காதீர்கள். வாக்கியம் முடிந்ததும் எஸ்கேப். படிப்பதும் நகர்வதும் நார்மல் மோடில், அதாவது விசைகள் கட்டளையாக வேலை செய்யும் நிலையில். கை நிற்காமல் எழுதுகிறவர் என்றால், வாக்கிய முடிவில் கன்ட்ரோல்+ஜி, உடனே 'யு'. மோடு மாறாமலே அன்டூ அங்கே துண்டாகும்.

இன்சர்ட் மோடில் அம்புக்குறி விசையைத் தொட்டாலும் அன்டூ துண்டாகும்தான். ஆனால் அதில் ஒரு நஷ்டம்: கடைசி மாற்றத்தைத் திருப்பிச் செய்யும் முற்றுப்புள்ளி விசை, அம்புக்குறிக்குப் பின் தட்டியதை மட்டுமே திருப்பும். அந்த விசையை இழக்கவே கூடாது. நிரலில் ஒரு மாறியின் பெயரைச் சில இடங்களில் மட்டும் மாற்ற வேண்டுமா? பெயரின் மேல் நின்று நட்சத்திரக் குறி (அதே பெயர் வரும் அடுத்த இடத்துக்குத் தாவும்), பிறகு சி, ஐ, டபிள்யூ (அந்தச் சொல்லை நீக்கி எழுதவிடும்), புதுப் பெயர், எஸ்கேப். இனி 'என்' தட்டினால் அடுத்த இடம். மாற்ற வேண்டுமென்றால் முற்றுப்புள்ளி, வேண்டாமென்றால் மறுபடி 'என்'.

கேள்வி: எஸ்கேப் விசை எட்டாத மூலையில் இருக்கிறதே?
– வாசகி, கோவை

பதில்: பில் ஜாய் 1976-இல் விம்மின் முன்னோடியான வி.ஐ. எடிட்டரை எழுதிய ஏ.டி.எம்-3ஏ முனையத்தில் எஸ்கேப், இன்று டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. கன்ட்ரோலோடு இடப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்துங்கள், அதுவும் எஸ்கேப்தான். கன்ட்ரோல்+சி வேண்டாம், அதில் நீங்கள் விம்மில் அமைத்த சுருக்கங்கள் முழுச் சொல்லாக விரியாது.

கேள்வி: தமிழ்99 விசைப்பலகையில் தட்டிவிட்டு எஸ்கேப் அடித்தால் எந்தக் கட்டளையும் ஓடவில்லை.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எஸ்கேப் விம்மின் மோடைத்தான் மாற்றும், கணினியில் தமிழ் விசைப்பலகை அப்படியே இருக்கும். கீழே இறங்க 'ஜே' அழுத்துகிறீர்கள், விம்முக்குப் போவது 'ப'. கணினியை ஆங்கிலத்திலேயே விட்டு, விம்முக்குள்ளேயே விசைகளை வேறு எழுத்தாக மாற்றும் 'கீமேப்' வசதியில் தமிழைப் போடுங்கள். நார்மல் மோடுக் கட்டளைகளில் அது குறுக்கிடாது. இன்சர்ட் மோடில் கன்ட்ரோல்+6 அடித்தால் மொழி மாறும். கீமேப் கோப்பில் 216 உயிர்மெய்க்கும் தனித்தனி வரி வேண்டும். சின்ன நிரல் ஒன்றை எழுதி உருவாக்கிக்கொள்வதே மேல். 'க' தட்டி ஒரு நொடி தயங்கி 'ஆ' தட்டினால் 'கா' வராது, 'கஆ' என்றே நிற்கும். அடுத்த விசைக்காக விம் காத்திருக்கும் நேரமான டைம்அவுட்லென் 1000 மில்லிநொடியில் இருப்பதே காரணம், 3000 ஆக்கிக்கொள்ளுங்கள்.