கோத்தகிரி மழையில் காயாத ஆயில் ஓவியம்

ஐப்பசி மழையில் வரைந்து அனுப்பிய ஆயில் ஓவியத்தில் பபிள் ரேப் ஒட்டித் தடம் பதிந்து, வாங்கியவர் திருப்பி அனுப்பிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். பேக்கிங்கை மாற்றினால் மட்டும் இது தீராது. ஆயில் வண்ணத்தில் இருக்கும் ஆளி விதை எண்ணெய் தண்ணீர்போல் ஆவியாவதில்லை. காற்றின் ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். கோத்தகிரிக் குளிரும் இருட்டறையும் அதை இழுத்தடிக்கும்.

அடிப்பூச்சை பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு நிறத்தில் மெல்லிசாகப் போடுங்கள். அதிலுள்ள மாங்கனீஸ் சீக்கிரம் இறுக வைக்கும். மேல்பூச்சில், வண்ணத்தைச் சீக்கிரம் காயவைக்கும் ஆல்கிட் மீடியம் கொஞ்சம் கலக்கலாம். அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பைத் தடிமனாக அப்பாதீர்கள், அது ரொம்ப மெதுவாகக் காயும். அவசரத்துக்கு ஹீட்டர் முன்னால் வைத்தால் மேல்தோல் மட்டும் இறுகிச் சுருங்கும்.

அனுப்புமுன் தடித்த இடத்தில் நகத்தால் லேசாக அழுத்துங்கள். பள்ளம் விழுந்தால் பார்சல் கூடாது. முதலில் கிளாசின் தாள் என்ற வழவழப்பான மெல்லிய தாள், பிறகு குமிழ் வெளிப்பக்கம் இருக்கும்படி பபிள் ரேப்.

மழைக்கால ஆர்டருக்குப் பாதி முன்பணம், முடித்துத் தர எட்டு வார அவகாசம் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்த படம் நன்றாக இறுகியபின் தடத்தை மெல்ல உரசி மேலே தீட்டலாம். அந்த வாடிக்கையாளரிடம் இன்றே பேசிவிடுங்கள்.