பார்ட்னர் டீடில் (கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில்) கையெழுத்துப் போடும் முன்

சட்ட நிறுவனத்தில் உங்களைப் பார்ட்னராக அழைத்திருக்கிறார்களே, வாழ்த்துகள் சகோதரி! பதினோரு வருடம் கோர்ட்டில் நின்று வாதாடியவருக்கு இது நியாயமாகக் கிடைத்த இடம். பத்து லட்சம் மூலதனம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பணத்தைவிட முக்கியம், அது சாதாரண பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா (பார்ட்னரின் பொறுப்புக்கு வரம்புள்ள கூட்டு நிறுவனமா) என்பது. சாதாரண பார்ட்னர்ஷிப் என்றால், 1932ஆம் ஆண்டு இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் சொந்த வீடும் பொறுப்பாகலாம். நீங்கள் சேர்வதற்கு முந்தைய கடன் 31ஆம் பிரிவுப்படி உங்களைச் சேராது. ஆனால் டீடில் அதை ஏற்பதாக ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். லாபப் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். நான் அதைக் கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு வருடம் வெறும் சம்பளத்தோடு பார்ட்னர் என்ற பெயரை மட்டும் சுமந்தேன். கட்சிக்காரருக்காக வாய் திறக்கும் நீங்கள் உங்களுக்காகவும் கேளுங்கள். விலகினால் மூலதனம் எப்போது திரும்பும் என்பதையும் விடாதீர்கள்.