ஆங்கிலத்தில் ஒருவரைப் பற்றியோ ஒரு பொருளைப் பற்றியோ கருத்துச் சொல்ல என்னென்ன மரபுத்தொடர்கள் உள்ளன?

ஐம்பது தொடர்களை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். எந்தத் தொடருக்கு எவ்வளவு கனம் என்று பிடிபட எனக்குப் பல வருடங்கள் ஆயின. அதனால் பட்டியல் போடாமல், நான் தடுக்கி விழுந்த இடங்களையும் எனக்குப் பிடித்தவற்றையும் மட்டும் சொல்கிறேன்.

லண்டன் குழுவோடு வேலை பார்த்த முதல் வருடம், என் அறிக்கையைப் படித்த மேலாளர் 'க்வைட் குட்' என்றார். பாராட்டு என்று நம்பி ஒரு வரிகூட மாற்றாமல் மேலே அனுப்பினேன். இரண்டே நாளில் பக்கத்துக்குப் பக்கம் திருத்தங்களோடு திரும்பி வந்தது. பிரிட்டிஷ்காரர் சொல்லும் 'க்வைட் குட்' பெரும்பாலும் நம் 'பரவாயில்லை'தான். அமெரிக்கர் சொன்னால் நிஜமாகவே நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதே பிரிட்டிஷ்காரர் 'நாட் பேட்' என்று குரலை ஏற்றிச் சொன்னால் அது நல்ல பாராட்டு!

பிடிக்காததைச் சொல்ல எனக்கு மிகவும் உதவியது 'நாட் மை கப் ஆஃப் டீ'. பொருள் மோசம் என்று சொல்லாமல், என் ரசனைக்கு ஒத்துவரவில்லை என்று மட்டும் சொல்கிறது. யார் மனமும் நோகாது. இதன் பக்கத்து வீடு 'மார்மைட்'. 1902 முதல் இங்கிலாந்தில் தயாராகும், ரொட்டியில் தடவும் கறுப்பு ஈஸ்ட் பசை அது. சிலருக்கு உயிர், சிலருக்குக் குமட்டல். 'ஒன்று நேசிப்பீர்கள், இல்லை வெறுப்பீர்கள்' என்றே அதற்கு விளம்பரம் செய்தார்கள். நடுநிலையாக யாருமே பார்க்க முடியாத நடிகரையும் அரசியல்வாதியையும் இன்று அங்கே 'மார்மைட்' என்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்தது 'க்யூரட்ஸ் எக்', அதாவது இளம் பாதிரியாரின் முட்டை. 1895 நவம்பரில் லண்டனின் 'பஞ்ச்' இதழில் ஜார்ஜ் டு மாரியே வரைந்த கேலிச்சித்திரம் இதைப் பிரபலமாக்கியது. பிஷப் வீட்டு விருந்தில் இளம் பாதிரியாருக்குக் கெட்டுப்போன முட்டை வந்துவிடுகிறது. பிஷப்பே அதைக் கவனித்துச் சொல்ல, 'இல்லை பிரபு, சில பகுதிகள் பிரமாதமாக இருக்கின்றன' என்கிறார் அவர். முட்டை கெட்டால் முழுக்கக் கெட்டதுதானே. பெரியவர் முன் குறை சொல்லத் தயங்கும் அந்த மனதைத்தான் சித்திரம் காட்டியது. காலப்போக்கில் பொருள் நகர்ந்து, பாதி நன்றாகவும் பாதி சுமாராகவும் இருக்கும் நூலுக்கும் நாடகத்துக்கும் இதைச் சொல்கிறார்கள்.

அதேபோல் பொருள் நகர்ந்து, தலைகீழாகவே ஆகிவிட்டது 'பேட் ஆப்பிள்'. ஓர் அழுகல் ஆப்பிள் பீப்பாய் முழுவதையும் கெடுக்கும் என்பது பழமொழி. ஆப்பிள் பழுக்கும்போது வெளிவிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் சீக்கிரம் பழுக்க வைக்கும் என்பதால் அதில் உண்மையும் உண்டு. நம் ஊர்க் குடம் பாலும் ஒரு துளி விஷமும் மாதிரி. இப்போதோ ஒரு துறையில் தவறு வெளிப்பட்டால், 'சில பேட் ஆப்பிள்கள்தான், மற்றவர்கள் நல்லவர்கள்' என்று சமாளிக்கவே இது பயன்படுகிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எச்சரிக்கையாகப் பிறந்த சொல்லைச் சாக்காக மாற்றிவிட்டார்கள்.

பொருட்களில் 'வைட் எலிஃபன்ட்' உங்களுக்குத் தெரிந்ததே. தமிழ்ப் பத்திரிகைகளிலும் வெள்ளை யானை அந்தப் பொருளில் நடமாடுகிறது. சயாம் (இன்றைய தாய்லாந்து) மன்னர் பிடிக்காதவருக்கு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம், தீனி போட்டே அவர் ஓட்டாண்டி ஆவாராம். கதைதான், ஆனால் யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்லிப் பழகிய நமக்கு விளக்கமே வேண்டாம்.

அப்புறம், மனிதர்களைப் பற்றி. 'ரஃப் டயமண்ட்' என்றால் முரடாகத் தெரிந்தாலும் உள்ளே நல்லவர். முகத்துக்கு நேராகச் சொல்லாதீர்கள், முதல் பாதிதான் காதில் விழும். தயங்காமல் சொல்லக்கூடியது 'சால்ட் ஆஃப் தி எர்த்'. மத்தேயு சுவிசேஷத்தில் 'நீங்கள் பூமிக்கு உப்பாயிருக்கிறீர்கள்' என்று வருகிறதே, அதுதான். படாடோபம் இல்லாத, நம்பி எதையும் ஒப்படைக்கக்கூடிய எளிய மனிதருக்குச் சொல்வது. எங்கள் அலுவலகக் காவலாளி ஓய்வுபெற்ற அன்று அந்த மேலாளர் காணொளி அழைப்பில் அவரைப் பற்றி இந்த மூன்று நொடிச் சொல்லைத்தான் சொன்னார். காவலாளிக்கு ஆங்கிலம் தெரியாது. நான் 'தங்கமான மனுஷன்னு சொல்றாருண்ணே' என்றேன்.