டெலிபோன் குழிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் தண்டையார்பேட்டைவாசி. தனியார் ஃபைபர் கேட்ட மறுநாளே வீட்டுக்கு வருகிறது. பிறகு அரசுக்கு எதற்கு ஒரு டெலிபோன் கம்பெனி? பிஎஸ்என்எல்லை மொத்தமாக விற்றுவிட்டால் என்ன? லைன்மேனாக இருந்து 2020இல் விருப்ப ஓய்வில் வந்த என் மாமாவே ‘வித்துத் தொலைக்கட்டும்’ என்கிறார். எங்கள் பழைய லேண்ட்லைனை சரண்டர் செய்துவிடலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் மாமா சொல்லலாம். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். அவர் அவர்களில் ஒருவர். அது அவருடைய வலி. அதை நீங்கள் வாதமாகத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

தனியார் வேகம், அரசு மந்தம் என்ற பேச்சுக்குள் நான் வரவில்லை. 2016இல் ஜியோ 4ஜியோடு வந்தது. பிஎஸ்என்எல்லுக்கு 4ஜி அலைக்கற்றை தர அரசு முடிவெடுத்ததே 2019 அக்டோபரில்தான்.

‘மொத்தமாக’ என்கிறீர்களே, அதில் எதெல்லாம் சேர்த்தி? சிம் விற்கும் வியாபாரம் என்றால் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. மண்ணுக்கடியில் போகும் குழாயும் கேபிளும் என்றால் விடமாட்டேன். சிறுவயதில் திருவொற்றியூர் ஹை ரோட்டில் மழை விட்டதும் லைன்மேன்கள் கேபிள் ஜாயிண்ட் இருக்கும் குழியின் தண்ணீரை இறைத்துவிட்டு உள்ளே இறங்கி, ஜோடி ஜோடியாகக் கம்பி பிரித்து ஜாயிண்ட் போடுவார்கள். பள்ளி விட்டு வரும்போதும் அதே குழியில் இருப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். தெருவே கரண்ட் இல்லாமல் கிடந்தாலும் போன் அடிக்கும். எக்ஸ்சேஞ்ச் பேட்டரியின் மின்சாரம் அந்தச் செம்புக் கம்பியிலேயே வீட்டுக்கு வந்தது. அத்தனையும் பொதுப்பணம்.

ஆஸ்திரேலியா என்ன செய்தது? 1997, 1999, 2006 என மூன்று தவணைகளில் தன் அரசு டெலிபோன் கம்பெனியான டெல்ஸ்ட்ராவை விற்றது, குழாயும் கம்பியும் உட்பட. 2009இல் நாடு முழுக்க அதிவேக இணையம் தர அரசே புது நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று. அந்தக் குழாய்களைப் பயன்படுத்தவும், செம்புக் கம்பி வாடிக்கையாளர்களைத் தன் பக்கம் மாற்றவும் 2011இல் அதே டெல்ஸ்ட்ராவோடு ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 1,100 கோடி ஆஸ்திரேலிய டாலர். விற்றதற்கே வாடகை! இதைப் படித்த பிறகும் ‘மொத்தமாக’ என்று எழுதுவீர்களா?

இங்கே அரசுச் சொத்துகளைத் தனியாரிடம் கொடுத்துப் பணம் திரட்ட 2021இல் அறிவித்த பணமாக்கல் திட்டத்தில், கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் பாரத்நெட்டின் 2.86 லட்சம் கிலோமீட்டர் ஃபைபரும், பிஎஸ்என்எல்லும் டெல்லி, மும்பைக்கான அரசு டெலிபோன் கம்பெனி எம்டிஎன்எல்லும் வைத்திருந்த கோபுரங்கள் 14,917உம் இருந்தன. விற்பனையில்லை, குத்தகைதான் என்றார்கள். எத்தனை ஆண்டுக்கு, என்ன நிபந்தனையில் என்று உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள்.

லேண்ட்லைன் உங்கள் வசதி. மாமாவிடம் மட்டும் ஒன்று கேட்டு எழுதுங்கள்: ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எந்தெந்தக் குழியில் முதலில் தண்ணீர் ஏறும்?